ஒரு கோடையின் அவகாசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இளநிலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் பிரசுரமான கட்டுரையின் அபிப்பிராயத்தை நான் பூரணமாக ஆமோதிக்கிறேன். பெர்க்கிலி சர்வகலாசாலையில் 2010ஆம் ஆண்டுக் கோடையில், மூன்று மாத வேலையென்று எண்ணி ஒரு பேராசிரியரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களும் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியே பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசஸருக்கு ஆதாரமாயிற்று என்பதை நினைத்தால், ஒரு கோடை அற்ப அவகாசமன்று என்பது விளங்கும்.

பல வருஷங்களாக ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்தி வருகிறேன். விர்ச்சுவல் மெமரியைப் பரீட்சைக்காக மனனம் செய்திருந்த என் மாணவி ஒருத்தி, நமது மூன்று விஞ்ஞான அகாடமிகள் கூட்டாக நடத்தும் கோடைத் திட்டத்தில் சேர்ந்து, இரண்டு மாதம் ஒரு சிறு கெர்னலைத் திருத்தியும் ஓட்டியும், அது நின்றுபோகும் போதெல்லாம் காரணத்தைத் தேடிக் கண்டும் திரும்பிய பிறகு, வகுப்பில் அவள் எழுப்பிய வினாக்களின் நுட்பம் என்னைப் பரவசப்படுத்தியது. மறு வருஷம் அதே வாய்ப்பைப் பெற்ற மாணவனோ, செமஸ்டர் பரீட்சைகள் ஜூன் மத்திவரை நீண்டமையால், அதை இழந்தான். அந்த ஏமாற்றம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே, தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் பரீட்சையை முன்னதாகவோ பின்னரோ எழுத சர்வகலாசாலைகள் அனுமதிக்க வேண்டும். விண்ணப்ப அறிவிப்பும் முதல்வரின் மேஜையோடு நின்றுவிடாமல், தீபாவளிக்கு முன்பே ஒவ்வொரு வகுப்பிலும் வாசிக்கப்பட வேண்டும்.

இங்ஙனம்,
ஓர் உதவிப் பேராசிரியை,
திருவண்ணாமலை