புஷ்பகத்தில் ஏற மறுப்பவர்கள்

நண்பர் ஒருவர் தாம் எழுதி முடித்திருக்கும் விஞ்ஞான நாவலின் கைப்பிரதியைப் படிக்கத் தந்தார். நானூறு பேர் பூமியை விட்டு இன்னொரு நட்சத்திரத்துக்குப் புறப்படுகிறார்கள். பயணம் மூன்று தலைமுறை. கப்பலுக்குள்ளேயே நெல் விளைகிறது. தண்ணீருக்கு முறை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். திருவாரூர்க்காரனான எனக்கு அந்த அத்தியாயங்கள் நிஜமாகவே பிடித்திருந்தன. இடறியது ஒரே ஒரு சொல்லில். கப்பலின் பெயர் புஷ்பகம்.

ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். ஏதோ ஒன்று வைக்க வேண்டியிருந்தது, வைத்தேன் என்றார். ஷேக்ஸ்பியரின் ரோஜாப்பூ உதாரணமும் கூடவே வந்தது. அதைச் சொல்பவள் பதினான்கு வயது நிரம்பாத பெண் என்பதையும், அந்த நாடகத்தில் அவளும் அவனும் செத்ததே குடும்பப் பெயரால்தான் என்பதையும் இந்த உதாரணத்தை எடுத்து வீசுகிறவர்கள் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

நண்பரோடு முடிகிற விஷயமாக இருந்தால் ஒரு தபால் அட்டை போதும். ஆனால் வானத்தில் எதையாவது பறக்கவிட வேண்டுமென்றால் நம்மவர்களின் கை தானாகவே புராணத்துக்குள் போகிறது. இது கற்பனையில்லை, கைப்பழக்கம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2024 மார்ச்சில் சித்ரதுர்காவில் தரையிறக்கிச் சோதித்த, திரும்பவும் உபயோகிக்கக்கூடிய சிறகு வாகனத்துக்கும் புஷ்பக் என்றுதான் பெயர். அரசாங்கம் அப்படித்தான் வைக்கும். அதற்கு ஒரு பெருமிதம் தேவைப்படுகிறது. நாவலாசிரியனுக்கு அந்தத் தேவை எங்கிருந்து வந்தது?

புஷ்பகத்தின் கதையைத்தான் பார்ப்போமே. அது குபேரனுடையது. தம்பி ராவணன் பறித்துக்கொண்டான். போர்க்களத்தில் விழுந்து கிடந்த ராமலட்சுமணர்களைக் காட்டுவதற்காகச் சீதையை ஏற்றிப் போனது அதில்தான். யுத்தம் முடிந்து அதில் அயோத்திக்குப் போன ராமன், அதைக் குபேரனிடமே திருப்பி அனுப்பிவிட்டான். ஆக, இது ஒரு பறிமுதல் சொத்து. பத்திரங்களில் வில்லங்கம் பார்த்துப் பழகிய வங்கிக் குமாஸ்தாவின் கண்ணுக்கு முதலில் படுவது இந்தக் கைமாற்றம்தான். இன்னொன்று: அதற்கு எரிபொருள் கிடையாது, எஜமானனின் மனம் போன பக்கம் போகும். எத்தனை பேர் ஏறினாலும் இன்னொருவருக்கு இடம் மீதியிருக்கும் என்று காலட்சேபங்களில் சொல்வார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் நானூறு பேரின் கப்பலுக்கு, இடப்பற்றாக்குறையே அறியாத வாகனத்தின் பெயர்! இதைக் கேலியாக வைத்திருந்தால் நாவல் ஒரு படி உயர்ந்திருக்கும். நண்பர் பக்தியோடு வைத்திருக்கிறார்.

இதே பெயரை யோசித்து வைத்தவர்களும் உண்டு. ஆரதி கதவ் 2019-ல் எடுத்த 'கார்கோ' என்ற ஹிந்திப் படத்தில் விண்கலத்தின் பெயர் புஷ்பக் 634ஏ. அதில் உத்தியோகம் பார்ப்பவன் பிரஹஸ்தன் என்ற அரக்கன். செத்தவர்களை மறுபிறவிக்குத் தயார்செய்து அனுப்புவது அவன் வேலை. பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டியதும் புராணம் இறங்கி அரசாங்கப் பேருந்து ஆகிவிடுகிறது. பறித்த பொருள் அரக்கர்களிடம், அதுவும் மாதச் சம்பளக்கார அரக்கர்களிடம், திரும்பி வந்திருக்கிறது. நண்பரின் முந்நூறு பக்கத்தில் இல்லாத விமர்சனம் இந்த ஒரு பெயர்ப் பலகையில் இருக்கிறது.

கொழும்பில் குடியேறி எழுதிக்கொண்டிருந்த ஆர்தர் கிளார்க் 1973-ல் வெளியிட்ட நாவலில், சூரிய மண்டலத்துக்குள் நுழையும் பிரம்மாண்டமான அந்நியக் கலத்துக்கு ராமா என்று பெயர். ஏன்? கிரேக்க, ரோமானியக் கடவுள்களின் பெயர்கள் எல்லாம் தீர்ந்துபோய், வானசாஸ்திரிகள் ஹிந்து தேவதைகளின் பட்டியலுக்கு வந்திருக்கிறார்கள். அதைச் சோதிக்கப் போகும் மனிதர்களின் கப்பலுக்கோ எண்டெவர், கேப்டன் குக்கின் கப்பற்பெயர். நம் தெய்வம் அட்டவணையில் ஒரு வரி. அவர்களுடைய மாலுமி கப்பலின் தலைவனுக்கு ஆதர்சம். இதற்காகக் கிளார்க்கிடம் கோபப்படுவதில் அர்த்தமில்லை. யார் யாருக்குப் பெயர் வைக்கிறார்கள் என்பதை அவர் ஒளிக்கவில்லை. அந்த ராமா கடைசிவரை மனிதர்களைப் பொருட்படுத்தாமலே போய்விடுகிறது, பெயர் வைத்தவர்களையும் சேர்த்து.

1979-ல் வந்த 'ஏலியன்' படத்தின் சரக்குக் கலம் நோஸ்ட்ரோமோ. அவசரத்துக்குத் தப்பிக்கும் சிறு கலம் நார்சிஸஸ். இரண்டும் கான்ராடிடமிருந்து வந்தவை. நோஸ்ட்ரோமோ 1904-ல் வந்த நாவல். அதன் நாயகன் ஒரு துறைமுகத்தில் சுமைக்கூலிகளின் தலைவன். இத்தாலிய மொழியில் 'நம்ம ஆள்' என்பதன் சிதைவு அந்தப் பெயர். முதலாளிகள் அவனை 'நம்ம ஆள்' என்று கூப்பிட்டே உபயோகித்துத் தீர்க்கிறார்கள். படத்தில் சிப்பந்திகள் செத்தாலும் பரவாயில்லை, அந்தப் பிராணி வந்து சேர வேண்டும் என்பது கம்பெனியின் ரகசிய உத்தரவு. பெயரை அறிந்தவனுக்கு உத்தரவு வெளிப்படும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

தமிழில் இதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, இயந்திர நாய் ஜீனோ என்று எல்லாமே இரண்டெழுத்து. சர்வாதிகாரம் பெயரில்தான் முதலில் கத்தரி வைக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்று நாம் மூக்கைச் சுளித்து ஒதுக்கிய எழுத்தில் இருந்த இந்தப் பிரக்ஞை, நம் வட்டத்தில் புழங்கும் கைப்பிரதியில் இல்லாமல் போனதுதான் எனக்கு உறைத்தது.

வாகனத்தின் பெயர் அற்ப விஷயம் என்று உலகத்தில் வேறு எங்காவது சொல்லலாம். தமிழ்நாட்டில் சொல்லக் கூடாது. 1997-ல் விருதுநகர் வட்டாரத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் இருந்தவர், தேவேந்திர குலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதிக்காரர்கள். கலவரம் நடந்தது, உயிர்கள் போயின. அதே ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. 1972 முதல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய நம் சோழனும் அந்த வருஷம் பெயரிழந்தது. நாற்பது கிலோமீட்டர் போகிற தகர வண்டியிலேயே பெயரைப் பார்த்து ஏறாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், மூன்று தலைமுறைப் பயணத்துக்கு ஒரே மனதாக வரிசையில் நின்று ஏறிவிட்டார்களாம். நண்பர் எழுதியிருக்கிறார்.

புராணம் வேண்டாம் என்றால் உடனே ராஜேந்திரன், கடாரம், புலிக்கொடி என்று ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. படையெடுப்பின் ஞாபகத்தை ஒட்டவைத்துக்கொண்டு இன்னொரு கிரகத்தில் போய் இறங்குகிறவனை அங்குள்ளவர்கள் எப்படி வரவேற்பார்கள் என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனிக் கப்பல்கள் காலியா, லாவோ என்று அந்நியப் பெயர்களோடுதானே ஓடின, யார் என்ன கேட்டார்கள் என்று நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. அந்தக் கப்பல் யாருடைய பணத்தில் வந்தது, எந்தக் கம்பெனியை எதிர்த்து ஓடுகிறது என்பது தூத்துக்குடியில் ஏறியவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பெயர் சுமக்க வேண்டியது எதுவும் மிஞ்சவில்லை. நண்பரின் கப்பலை யார் கட்டினார்கள், யார் பணம் போட்டார்கள், ஒரு வரிகூட இல்லை. அந்தப் பள்ளத்தை மூடத்தான் புஷ்பகம் வந்திருக்கிறது.

தமிழ்க் காவியத்திலேயே இன்னொரு பறக்கும் வாகனம் இருக்கிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தச்சனைக் கொண்டு செய்வித்த மயிற்பொறி. ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். விசயை அதை ஓட்டப் பழகியிருக்கிறாள். நிறைமாதக் கர்ப்பிணியாக அதில் தப்பித்துப்போய்ச் சுடுகாட்டில் இறங்கிப் பிள்ளை பெறுகிறாள். செய்தவன் இருக்கிறான், விசை இருக்கிறது, ஓட்டுகிறவள் இருக்கிறாள், போய்ச் சேர்ந்த இடம் சுடுகாடு. பெயர் மட்டும் வெறும் பொறி. இதுவரை நான் படித்த தமிழ் விஞ்ஞானக் கதை எதிலும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களூர்த் தேரும் அப்படித்தான். தொண்ணூற்றாறு அடி உயரம், முந்நூறு டன் எடை என்கிறார்கள். 1948-ல் நின்று 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலை அச்சும் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் அதன் பெயர் அப்பர் காலத்து ஆழித்தேர்தான். தியாகேசர் பெயரில்லை, கட்டிய அரசன் பெயரில்லை. ஆழி என்றால் சக்கரம். பாரம் எதன்மேல் இருக்கிறதோ அதன் பெயர். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கண்டதேவியில் யார் வடம் பிடிக்கலாம் என்ற கேள்வி உயர்நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தேருக்கு நல்ல பெயர் இருப்பது வடத்துக்கு உதவாது. ஆனால் அந்த வழக்குக்கும் ஒரு நட்சத்திரக் கப்பலில் இடம் வேண்டும்.

கைப்பிரதியின் முதல் பக்க ஓரத்தில், கப்பலின் கதவு மூடுகிற இடத்தில், பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: பெயரைப் படித்துவிட்டு ஏறாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? நண்பர் இன்னும் பதில் எழுதவில்லை. நாவல் அச்சுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.