மீட்பர் ஒருவரே

பெண்ணின் அன்பு, பாதை தவறிய ஆணைத் திருத்திவிடும் என்னும் நம்பிக்கை நம் காலத்தின் பொல்லாத பொய்களுள் ஒன்று. திரைப்படங்கள் அதைப் பாடுகின்றன. தொடர்கதைகள் அதைப் போற்றுகின்றன. குடிக்கும் மகனுக்குப் பெண் தேடும் பெற்றோர், "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்" என்கின்றனர். அருள்பணியாளருள் சிலரும் இதையே நல்லுரையாக வழங்குவதுதான் பெருந்துயர். இப்பொய்யின் முழு உருவத்தையும் காண விரும்புவோர், இங்கிலாந்து நாட்டு மாடல் அழகி ஒருவரின் வாழ்வைச் சற்று உற்று நோக்கட்டும்.

பட்ரீசியா பாய்ட் 1944இல் பிறந்தவர். இலண்டனில் ஆடை விளம்பர மாடலாகப் பெயர் பெற்றார். 1964இல் பீட்டில்ஸ் குழுவினரின் திரைப்படம் ஒன்றில் சிறு வேடம் ஏற்றபோது ஜார்ஜ் ஹாரிசனைச் சந்தித்தார். 1966இல் இருவரும் மணந்துகொண்டனர். ஹாரிசனின் நெருங்கிய நண்பர் எரிக் கிளாப்டன், கிதார் இசையில் ஈடு இணையற்றவராக மதிக்கப்பட்டவர். "கிளாப்டன் கடவுள்" என்று 1960களின் நடுவில் இலண்டன் சுவர்களில் எழுதி வைத்தனர் இரசிகர். மனிதனைக் கடவுளாக்கும் தலைமுறை, அக்கடவுளுக்கும் ஒரு தேவதையைத் தேடித் தரும் அல்லவா? நண்பனின் மனைவியே அந்தத் தேவதையானார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிசாமி பாடிய லைலா–மஜ்னூன் காதலை நினைவில் கொண்டு, 'லைலா' என்னும் பாடலைக் கிளாப்டன் 1970இல் வெளியிட்டார். பாய்டுக்காக எழுந்த பாடல் அது. உலகம் வியந்தது. ஆனால் பாடலுக்கு அப்பால் நடந்ததைப் பாய்ட் 2007இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். கிளாப்டன் ஹெராயின் பொட்டலம் ஒன்றைக் காட்டி, நீ என்னோடு வராவிடில் இதை உட்கொள்வேன் என்றாராம். பாய்ட் மறுத்தார். பின்வந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைக் கிளாப்டன் அந்த நஞ்சுக்கு அடிமையாகக் கழித்தார். அவ்வாண்டுகளில் அவருடன் வாழ்ந்த ஆலிஸ் ஆம்ஸ்பி-கோர் என்னும் இளம்பெண்ணும் அதே அடிமைத்தனத்துள் வீழ்ந்தார். கிளாப்டன் பின்னர் மீண்டார். ஆலிசோ 1995இல் ஹெராயினுக்கே பலியானார். 'லைலா'வைக் கேட்டு உருகும் கோடிக்கணக்கானோருள் ஆலிசின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

"நீ இல்லையேல் அழிவேன்" என்னும் கூற்றைக் காதலின் சிகரம் என்கிறது கலையுலகம். நான் அதனை மிரட்டல் என்கிறேன். தன் உயிரையே பணயமாக வைத்து மற்றொருவரின் விடுதலையைப் பறிக்கும் முயற்சி அது. சிலைகளுக்கு வாயுண்டு, பேச்சில்லை என்கிறது திருப்பாடல் 115. வழிபடப்படும் பெண்ணின் நிலையும் அதுவே. அவளிடம் வரம் கேட்கப்படும். அவள் விருப்பம் கேட்கப்படாது. வரம் கிட்டாவிடில் பழியும் அவள்மீதே விழும்.

ஹாரிசனுடன் வாழ்ந்த மணவாழ்வு கசந்த நிலையில், 1974இல் பாய்ட் கிளாப்டனிடம் சென்றார். ஹெராயின் இருந்த இடத்தில் இப்போது மது இருந்தது. 1976இல், விருந்துக்குச் செல்ல அவர் உடுத்தி முடிக்கும் வரை காத்திருந்த வேளையில், அவரது அழகைப் புகழ்ந்து மற்றொரு பாடலை இயற்றினார் கிளாப்டன். இன்றும் மேலைநாடுகளில் திருமண விருந்துகளில் விரும்பி இசைக்கப்படும் பாடல் அது. ஆனால் அதன் முடிவைக் கவனிப்போர் குறைவு. விருந்து முடிந்தபின் அவனிடமிருந்து வண்டிச்சாவியைப் பெற்றுக்கொண்டு, அவனைப் படுக்கையில் சேர்ப்பவள் அந்தப் பெண்ணே! காதல் பாடலின் உள்ளேயே ஒரு செவிலியின் உழைப்பு ஒளிந்து கிடக்கிறது.

இருவரும் 1979இல் மணந்தனர். குடி நின்றதா? இல்லை. 1982இல் அமெரிக்காவின் ஹேசல்டன் மறுவாழ்வு இல்லத்தில் சிகிச்சை பெற்றும் கிளாப்டன் மீண்டும் வீழ்ந்தார். குழந்தைக்காக ஏங்கிய பாய்டுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. கணவருக்கோ 1985இலும் 1986இலும் வேறு பெண்களிடம் குழந்தைகள் பிறந்தன. 1989இல் மணமுறிவு ஏற்பட்டது. பாடலில் பீடம் பெற்றவருக்கு வீட்டில் கிடைத்தது இதுவே.

பிறகு கிளாப்டனை மீட்டது எது? மணவாழ்வு முறிந்துகொண்டிருந்த 1987ஆம் ஆண்டில், அதே மறுவாழ்வு இல்லத்தின் அறையில், தன்னால் எதுவும் இயலாது என்று உணர்ந்து முழந்தாளிட்டு வேண்டியதாக அவரே தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். அன்று முதல் அவர் குடிக்கவில்லை. 1998இல் அந்தீகுவா தீவில் போதை நோயாளிகளுக்கு மறுவாழ்வு இல்லம் ஒன்றை நிறுவினார். அதற்காகத் தம் கிதார்களை ஏலத்தில் விற்றார். இதற்காக அவரைப் பாராட்டத் தயங்கேன். ஆனால் முழந்தாளிட்டது யார் முன்? காதலியின் முன்னரா, கடவுளின் முன்னரா? காதலியின் முன் செலவிட்ட ஆண்டுகள் பல. கண்ட பயன் பாடல்கள் மட்டுமே.

"புனித மோனிக்காவை மறந்தீரோ?" என்று வாசகர் வினவலாம். மறக்கவில்லை. முன்கோபமும் ஒழுக்கக்கேடும் கொண்ட கணவரைப் பொறுமையால் வென்றவர் அவர். மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுதவர். எனினும் மகனார் புனித அகுஸ்தினார் 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் கூறும் ஒரு செய்தியை நம் மறையுரைகள் ஏனோ தவிர்த்து விடுகின்றன. மகன் மானிக்கேயக் கொள்கையில் வீழ்ந்தபோது, அவனைத் தம் வீட்டில் தங்கவும் தம்மோடு உண்ணவும் மோனிக்கா முதலில் மறுத்துவிட்டார்! கண்ணீர் விட்ட அதே தாய்தான் கதவையும் அடைத்தார். அவர் மகனுக்காக மன்றாடினாரேயன்றி, மகனின் மீட்பராகத் தம்மைக் கருதவில்லை.

கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் ஒருவரே என்கிறார் திருத்தூதர் பவுல். அந்த ஒருவருக்கு உரிய பணியை ஒரு மனைவியின் தோளில் ஏற்றுவது பக்தியன்று, பிழையான இறையியல். எபேசியர் திருமுகத்தில் தன்னையே கையளிக்குமாறு பணிக்கப்படுபவர் கணவர். நாமோ அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, மனைவியரிடம் மட்டும் தியாகம் கேட்கிறோம்.

திருமணத்தின் முறிவுபடாத தன்மையை நான் ஐயுறவில்லை. பாய்டின் மணமுறிவுகளை முன்மாதிரியாகக் காட்டவுமில்லை. ஆனால் துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலும் உடலிலும் கடும் ஆபத்து விளையுமாயின் பிரிந்து வாழ இடமுண்டு என்று திருச்சபைச் சட்டம் 1153 கூறுகிறது. சில வேளைகளில் அப்பிரிவு அறநெறிப்படி தேவையாகவே இருக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' ஏட்டின் 241ஆம் எண் விளக்குகிறது. இவற்றை அறியாமலா அடிபட்ட பெண்ணை "பொறுத்துப் போ மகளே" என்று அதே வீட்டுக்கு அனுப்புகிறோம்? குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென 1951இல் தோன்றிய அல்-அனான் இயக்கம், பிறரது குடிநோயை நாம் உண்டாக்கவுமில்லை, நம்மால் குணப்படுத்தவும் இயலாது என்று கற்பிக்கிறது. இவ்வெளிய உண்மையை நம் திருமண ஆயத்த வகுப்புகளும் கற்பிக்கலாகாதா?

அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். குடிக்கும் மகனுக்கு மருத்துவம் தேடுங்கள். மருந்தாகப் பெண் தேடாதீர்கள். "நீ இல்லையேல் அழிவேன்" என்று ஓர் இளைஞன் உங்கள் மகளிடம் கூறினால், "உனக்காக மன்றாடுவேன், நீ சிகிச்சைக்குச் செல்" என்று மறுமொழி கூற அவளுக்குத் துணிவு கொடுங்கள். அவ்வாறு மறுப்பதால் அவள் இரக்கமற்றவள் ஆகிவிட மாட்டாள். அவனையும் கடவுளிடமே ஒப்படைக்கிறாள்.