இதுவும் தொடர் கொலைதான்

கொல்பவன் ஒருவனாக இருந்தால் ‘தொடர் கொலை’ என்கிறோம். ஆட்டோ சங்கர் கதை இணையத் தொடராக வந்தபோது கண்ணெடுக்காமல் பார்த்தோம். கொல்பவர்கள் மாறி, சாதி மட்டும் மாறாமல் நின்று பலி வாங்கினால், அதைத் தனித்தனிச் ‘சம்பவம்’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

விருத்தாசலத்தைச் சுற்றியே பார்ப்போம். 1993 மார்ச்சில் முதனை ராசாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடித்தே கொன்றார்கள், தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். அவர் மனைவி பார்வதி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். காவலர்கள் தண்டிக்கப்பட 13 ஆண்டுகள் ஆயின.

2003 ஜூலையில் புதுக்கூரைப்பேட்டை. பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் வீட்டுப் பெண் கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்தவர்கள். பெண் வீட்டார் இருவருக்கும் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். காவல்துறையோ முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. பிறகு சி.பி.ஐ. விசாரித்தது. கடலூர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தண்டனை விதித்தது. காவல் அதிகாரிகள் இருவரும் அதில் அடக்கம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தபோது ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஓடியிருந்தன.

கடலூர் தீர்ப்பு வந்த ஆறாம் வாரத்தில் ‘ஜெய் பீம்’ வந்தது. செராமிக் தொழிற்பேட்டை டீக்கடைகள் வரை அதே பேச்சு. நல்ல படம்தான், நாமும் அழுதோம். ஆனால் ஊர்ப் பேச்சு சீக்கிரமே சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் போய்விட்டது. கம்மாபுரம் காவல் நிலையத்தையும் கடலூர் தீர்ப்பையும் பேசினவர்கள் குறைவு.

இன்னொன்றும் உறுத்துகிறது. படத்தில் வருபவர்கள் இருளர், ராசாக்கண்ணு குறவர். இருளர் படும் பாடும் பொய்யில்லை. ஆனால் துப்புக் கிடைக்காத திருட்டு வழக்கென்றால் காவல்துறை முதலில் தேடிப்போவது குறவர் குடியிருப்பைத்தான். அந்தப் பெயர் திரையில் வந்திருக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே உத்தரவிட்டது. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். இதை நம் குடியிருப்புகளில், முதலில் குறவர் குடியிருப்புகளில், வாசித்துக் காட்டுங்கள். இரவில் ஜீப் வந்து நின்றால் வீட்டுப் பெண்களும் கேட்க வேண்டும்: எந்த நிலையம், என்ன வழக்கு, கூட்டிப்போகும் அதிகாரி யார்?