மணி அடித்தால் சபை முடிந்ததா?

"புதுவைச் சட்டசபை முடிந்தது" என்று ஏடுகள் எழுதிவிடுகின்றன. டீக்கடை பெஞ்சியிலே அதைப் படிக்கும் தோழரும் நம்பிவிடுகிறார். முடியவில்லை, தோழர்களே! தேதி குறிப்பிடாமல் சபாநாயகர் ஒத்திவைத்தால், உட்கார்ந்திருந்த கூட்டம் கலைகிறது; அவ்வளவுதான். கூட்டத்தொடரை முடித்துவைக்கும் ஆணை, 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, துணைநிலை ஆளுநரிடமிருந்து வரவேண்டும்.

இதிலே தொழிலாளிக்கு என்ன? இருக்கிறது. ஒத்திவைத்த சபையைச் சபாநாயகரே திரும்பக் கூட்டலாம். முடித்துவைத்த சபைக்கோ ஆளுநரின் அழைப்பு வேண்டும்; இரண்டு தொடர்களுக்கிடையே ஆறு மாதம் வரை இடைவெளி விடலாம். அந்த இடைவெளியில்தான் அவசரச் சட்டம் நுழைகிறது! சபை தொடரில் இருக்கும்வரை அதைப் பிறப்பிக்க அரசியல் சட்டத்தின் 239-பி பிரிவு இடந்தராது. தொடர் முடிந்ததும், குடியரசுத் தலைவரின் கட்டளை பெற்று ஆளுநர் பிறப்பிக்கலாம். நாம் ஓட்டுப்போட்டு அனுப்பிய 30 பேரில் ஒருவரும் வாய் திறக்காமலே சட்டம் வந்து நிற்கும்.

"அமைச்சரவை சொன்னபடிதானே ஆளுநர் நடப்பார்?" என்பார்கள். கருத்து வேறுபட்டால் விவகாரத்தை டில்லிக்கு அனுப்பச் சொல்கிறது அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவு. 1954 அக்டோபர் 18-இல் கீழூரிலே 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்களே, இதற்காகவா?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 20-இல் உரையாற்ற ஆளுநர் கிரண்பேடி வரவில்லை, சபை கூடியது. உறுப்பினர் ஒருவருக்குக் கொரோனா என்றதும், 25-ஆம் தேதி வேப்பமரத்தடியிலே நாற்காலி போட்டு வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றினார்கள். நாராயணசாமி அமைச்சரவையிடம் நமக்குக் குறை உண்டு. அந்த மரத்தடிக் கூட்டத்தைக் குறைசொல்ல மாட்டோம்.

பஞ்சாபிலே என்ன நடந்தது? 2023 மார்ச்சில் ஒத்திவைத்த சபையை ஜூனில் சபாநாயகர் கூட்டினார். கூடாது என்றார் ஆளுநர் புரோகித், சென்னையிலே நாம் கண்ட அதே புரோகித்! கூட்டியது செல்லும் என்று நவம்பர் 10-இல் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். ஆளுநருக்கு அஞ்சித் தொடரை முடிக்காமலே ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் முறையல்ல என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஆகவே அடுத்தமுறை சபாநாயகர் மணி அடித்ததும் செய்தித்தாளை மடித்துவிடாதீர்கள். முடித்துவைக்கும் ஆணை என்றைக்கு அரசிதழில் வருகிறது, அதன் பின்னாலே எந்த அவசரச் சட்டம் வருகிறது என்று கிளைதோறும் கவனித்து வாருங்கள்.