முதியோர் இல்லங்களில் நாம் காணத் தவறுவன

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் தொடர்வண்டி நிலையங்களில் பொதிகை விரைவு வண்டி வந்து நிற்கும் முன்னிரவு வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். சென்னைக்குச் செல்லும் மகனையோ மகளையோ ஏற்றிவிட்டு, வண்டியின் பின்விளக்கு மறையும்வரை நின்று, பின்னர்த் தனியே வீடு திரும்பும் முதியவர்களே அக்காட்சி. நூற்பாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அறுபது வயதை எட்டியோர் நூற்றுக்கு 10.4 பேர். 2021ஆம் ஆண்டில் அது 13.6 ஆக உயரும் என்று நடுவண் அரசின் புள்ளியியல் துறை மதிப்பிட்டது. இவ்வரிசையில் கேரளத்திற்கு அடுத்த இடம் நமக்கே.

முதியோர் இல்லம் என்றதும், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாமா என்று பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறோம். நம் கல்லூரி மேடைகளில் இத்தலைப்பு எத்தனை முறை வலம் வந்ததோ! நடுவராக அமர்ந்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு. பிள்ளையே இல்லாதோர், துணையை இழந்தோர், நினைவு தடுமாறி நள்ளிரவில் தெருவில் இறங்கி நடப்போர் எனப் பலருக்கும் இல்லம் தேவையாகவே இருக்கிறது. அனுப்பலாமா கூடாதா என்னும் வாதத்தில் நாம் மூழ்கியிருக்க, அனுப்பியபின் அங்கே என்ன நடக்கிறது என்னும் வினா கேட்பாரற்றுக் கிடக்கிறது.

நாம் அங்குச் செல்லாமலும் இல்லை. பிறந்தநாளன்று செல்கிறோம், பெற்றோர் நினைவுநாளில் செல்கிறோம், நோன்புக் காலத்தில் ஸதகா வழங்கவும், தீபாவளிக்கு வேட்டி சேலை கொடுக்கவும் செல்கிறோம். முன்னரே தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்கிறோம். கூடத்தில் வரிசையாக அமர்த்தப்பட்ட முதியோர்க்குப் பிரியாணியோ பால்கோவாவோ பரிமாறுகிறோம்; படம் எடுத்துக்கொள்கிறோம்; மனம் நிறைந்து திரும்புகிறோம். கொடுக்கச் சென்ற கை நிறைவடைந்துவிடுவதால் கண்ணுக்கு வேலையில்லாமற் போகிறது. இதுவே நம் குறை என்பேன்.

சில மாதங்களுக்குமுன் மாணவர் சிலருடன் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். அதன் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. உணவு வழங்கி முடித்தபின், கூடத்திற்கு அழைத்து வரப்படாத மூதாட்டி ஒருவரை உள்ளறையில் கண்டோம். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கட்டில் ஒரு சுவரோரம். குடிநீர்ச் செம்பு எதிர்ச்சுவரின் சன்னல் திண்டில். எழுந்து நடக்க இயலாதவர்க்கு அந்த ஆறடித் தொலைவும் அறுபது கல் தொலைவும் ஒன்றுதான். மாணவன் ஒருவன் செம்பை எடுத்துக் கொடுத்தான். இடையில் மூச்சுவிடவும் நிறுத்தாமல் குடித்து முடித்தார். பிறகு வாயிற்புறம் ஒருமுறை பார்த்துவிட்டு, "போதும் ராசா. நான் தண்ணி கேட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லிடாதே" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடித்தார்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் கொதித்தெழுந்திருப்போம். தண்ணீர் கேட்டதை மறைக்கச் சொன்ன அச்சத்திற்கு என்ன பெயரிடுவது? புறக்கணிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. கை ஓங்குவதில்லை, குரல் உயர்த்துவதில்லை, செம்பை எட்டாத இடத்தில் வைக்கிறது, அவ்வளவே. அதற்கொரு காரணமும் உண்டு. நீர் அருந்தினால் சிறுநீர் கழியும், கழிந்தால் துணி மாற்ற வேண்டும், மாற்ற ஆளில்லை. முதுமையில் தாக உணர்வே குறைந்துவிடும் என்பர் மருத்துவர். ஆகவே கேட்காதவர்க்கும் நினைவூட்டிக் கொடுத்தாக வேண்டிய பொருள் தண்ணீர். உதடு வெடித்து, நா உலர்ந்து, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று பிதற்றினால், வயதாகிவிட்டது என்று தள்ளிவிடலாகாது. நீர்வறட்சியும் அறிவைக் கலக்கும்.

இவ்விரு ஊர் மக்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியது படுக்கைப் புண். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி எத்தனையோ ஊர்களின் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. புண்ணைக் கட்டும் துணியை ஊர்தோறும் அனுப்பும் நாம், புண் எப்படித் தோன்றுகிறது என்பதை அறிந்திருக்கிறோமா? ஒரே பக்கமாகக் கிடப்பவரின் உடல் எடை, எலும்பு துருத்தும் இடங்களில் தோலை நசுக்குகிறது. அங்கே குருதியோட்டம் தடைப்படுகிறது. சில மணி நேரமே போதும், தோல் கெடத் தொடங்கிவிடும். இதனால்தான் படுத்த படுக்கையாக இருப்போரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தல் பழைய மருத்துவமனை வழக்கமாயிற்று. குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளிறி மீள வேண்டும். வெளிறாமல் அப்படியே நின்றால் அது புண்ணின் முதற்படி. நம்மவரின் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடும் தடிப்பும் தொட்டால்தான் தெரியும். போர்வையை விலக்காமல் நலம் விசாரிப்பவர் இதைக் காணவே முடியாது. பினாயில் நெடி மிகுந்த அறையைத் தூய்மையான அறை என்று நம்பிவிடவும் வேண்டா. எதை மறைக்க இவ்வளவு நெடி என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

வளர்ந்து வளைந்த நகம், கையிலிருந்து கழன்று விழும் அளவுக்குத் தளர்ந்துவிட்ட வளையல், துடைக்கப்படாத மூக்குக் கண்ணாடி, யாருடையதோ தெரியாத சட்டை என்று சிறியனவெல்லாம் பேசும். எந்த நேரத்தில் சென்றாலும் எல்லாரும் உறங்கிக்கொண்டிருக்கும் இல்லம் அமைதியான இல்லமாக இருக்கலாம். மாத்திரையால் அமைதியாக்கப்பட்ட இல்லமாகவும் இருக்கலாம். வினாவுக்கு விடை சொல்லுமுன் முதியவரின் கண் பணியாளரின் முகத்தை நாடுமானால், அவ்விடையைவிட அப்பார்வையே உண்மை.

எனினும் ஓர் எச்சரிக்கை. முதியோர் தோல் மெலிந்தது; குருதி உறையாமலிருக்க மருந்து உண்பவர்க்குச் சிறு இடிபட்டாலும் கன்றிப்போகும். நோயாலும் உடல் இளைக்கும். கண்டவுடன் பழி சுமத்துவது அறமன்று. கேட்பதும், நாளிட்டுக் குறித்துக்கொள்வதும், மீண்டும் சென்று பார்ப்பதுமே முறை. இருபது பேர்க்கு ஒருவராக, குறைந்த கூலிக்கு இரவு பகலாக உழைக்கும் பணிப்பெண்ணைக் கொடியவள் என்பது எளிது. அவருக்கு இன்னொரு துணையை அமர்த்தாத நிர்வாகத்தையும், ஆண்டுக்கு ஒருவேளை விருந்துக்குப் பணம் கொடுத்து ஒரு மாத ஊதியத்திற்குக் கொடுக்க முன்வராத நம்மையும் என்னென்பது?

கண்ணெதிரே இருந்தும் காணாமற்போன கொடுமைக்கு ஏர்வாடியைவிடச் சான்று வேண்டுமோ? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்துத் தனியார் நடத்திய காப்பகத்தின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. ஒரு வாரத்திற்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்பில் சேர்க்கப்பட்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வடிவிலும் கூடாதெனத் தடுக்கிறது. ஆனால் அச்சங்கிலி ஏர்வாடியில் ஒளித்து வைக்கப்பட்டதன்று. வந்து சென்றோர் பலரும் அதைப் பார்த்தே இருந்தனர், உறவினரும் பார்த்தனர். அது காவல் என்றும் வழக்கம் என்றும் எண்ணினர். தீப்பற்றிய பிறகே அது சங்கிலியாகத் தெரிந்தது. இன்று ஓர் இல்லத்திற்குச் செல்பவர், இரவில் எத்தனை பேர் விழித்திருப்பர், பூட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்னும் இரண்டு வினாக்களையேனும் கேட்காமல் திரும்பலாகாது.

கேள்வி கேட்பவர் ஒருவர் போதும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2023ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய அனுமதியின்றி நடந்துவந்த காப்பகத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அதற்கு வழி திறந்தது, அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவர் எங்கே என்று உறவினர் தரப்பில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனு. அவரைத் தேடியவர்கள் அங்கு இல்லை என்ற விடையோடு திரும்பியிருந்தால், உள்ளே இருந்தோர் உள்ளேயே இருந்திருப்பர்.

சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பேணும் பொறுப்புடையவர் மூத்தோரை முற்றாகக் கைவிடுவதை அது தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லத்திற்கும் வகைசெய்கிறது. ஓர் இல்லம் முறையாகப் பதிவு பெற்றதா என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டறியலாம். முதியோர்க்கான உதவி எண் 14567. இவற்றை நம் மாணவர் தேர்வுக்குரிய செய்தியாக அன்றித் தெருவிற்குரிய செய்தியாக அறிந்திருத்தல் நலம்.

அந்த ஆசிரியையின் சொல்லை நாங்கள் காத்தோம். அவர் தண்ணீர் கேட்டதை யாரிடமும் கூறவில்லை. உணவுப் பொட்டலம் ஏதுமின்றி, முன்னறிவிப்புமின்றி, ஒரு புதன்கிழமைப் பிற்பகலில் மீண்டும் சென்றோம். கதவு திறக்கச் சற்று நேரமாயிற்று. "இன்னிக்கு என்ன விசேஷம் சார்?" என்று வியப்புடன் கேட்டனர். ஒன்றுமில்லை, பார்த்துப்போக வந்தோம் என்றோம். செம்பு சன்னல் திண்டிலேயே இருந்தது. மாணவன் ஒரு முக்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு, அதன்மேல் செம்பை வைத்தான். அங்குள்ள பணிப்பெண் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நான்கு மாணவர்கள் முறைவைத்து, கிழமை மாற்றி மாற்றி, அங்குச் சென்று வருகின்றனர். முக்காலி இன்னும் கட்டிலருகேதான் இருக்கிறதாம்.