பன்னிரண்டு வார வருமானம், ஐம்பத்திரண்டு வாரச் செலவு

போன வாரம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு நண்பர் என்னைச் சீண்டினார். "உம்ம மாப்பிள்ளைக்கு என்ன ஓய் குறை? மூணு மாசம் கொள்ளை, ஒன்பது மாசம் தூக்கம். வாங்கின முன்பணத்தைக்கூடத் திருப்பித் தர்றதில்லையாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகுதான் கோபம் வந்தது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்குக் கோபம்கூடக் கோப்பு மாதிரி, தாமதமாகத்தான் வந்து சேரும். ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் மகள் கனடாவில், கியூபெக் மாகாணத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். மொந்திரேயாலுக்கு வடக்கே, காட்டுக்குள், அவருடைய அப்பா காலத்து விடுதி ஒன்றை இருவரும் நடத்துகிறார்கள். பன்னிரண்டு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், வாசலில் ஒரு பெட்ரோல் பம்பு. குளிர்காலத்தில் அங்கே வருகிறவர்கள் காரில் வருவதில்லை, பனிவண்டியில் வருகிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, நடுவில் ஸ்கூட்டர் மாதிரி இருக்கை. ஆங்கிலத்தில் ஸ்னோமொபைல், அங்கே மோத்தோநேழ். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு ஒன்று, அவர்கள் பேசுகிற பிரெஞ்சு வேறொன்று. ஆனாலும் சம்பந்தியம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேச அது எனக்கு உதவியது.

இந்த வண்டி பணக்காரர் பொம்மையாகப் பிறக்கவில்லை. வால்கூர் என்ற சிற்றூரில் மெக்கானிக்காக இருந்தவர் ழொசேப்-அர்மான் பொம்பார்தியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் இறந்தான். பாதையெல்லாம் பனி மூடியிருந்ததால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. 1937இல் பனியில் ஓடும் வண்டிக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதில் மருத்துவரும் போனார், தபாலும் போனது, பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள். ஒருவர், இருவர் போகும் சிறிய வண்டியான ஸ்கி-டூ 1959இல்தான் வந்தது. உல்லாசம் அதற்குப் பிறகுதான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கு எனக்குத் தெரிந்த விஷயம்.

பனித்தடம் டிசம்பர் நடுவில் திறந்தால் அதிர்ஷ்டம். மார்ச் நடுவில் மூடிவிடும். சுமார் பன்னிரண்டு வாரம். அந்தப் பன்னிரண்டு வாரத்திலும் வார நாட்களில் பாதி அறை காலி. நிரம்புவது வெள்ளி, சனி இரண்டு இரவுதான். ஆக, வருடம் முழுவதற்கும் சோறு போடுவது இருபத்துநான்கு இரவு. ஜனவரியில் ஒரு மழை பெய்து மூன்று வாரக் கடைசி போனால், ஆறு இரவு போச்சு. வருமானத்தில் கால் பங்கு! நம் சம்பளத்தில் கால் பங்கை ஒரு மழைக்காகப் பிடித்திருந்தால் தலைமைச் செயலக வாசலில் என்ன நடந்திருக்கும் என்று நண்பர் யோசிக்கட்டும்.

மழை பெய்தால் என்ன, மறுநாள் உறைந்துவிடாதா என்று நானும் கேட்டேன். உறையும், ஆனால் கண்ணாடி மாதிரி உறையும். கட்டிப்பனியில் வண்டி பிடிமானம் இழக்கும். அதோடு இந்த வண்டிகள் பலவற்றில் இயந்திரச் சூட்டைத் தணிப்பதே பட்டை வாரியடிக்கும் தூள் பனிதான். அது இல்லாவிட்டால் எஞ்சின் கொதித்துப்போகும். ஏரி சரியாக உறையாவிட்டால் கடக்க முடியாது. இரவில் கனமான இயந்திரத்தால் தடத்தைச் சமன் செய்ய வேண்டும். குளிர் இருந்தால்தான் அது இறுகும். மாகாணம் முழுவதும் 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடம். பராமரிப்பவை உள்ளூர்ச் சங்கங்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். தடத்தில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியே, நிலக்காரர் தயவில் போகிறது. யாரோ ஒரு விவசாயி "இந்த வருஷம் என் வயல் வழியாக வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், அதற்கு அப்பால் இருக்கும் விடுதிக்கு வழியே இல்லை.

சரி, ஒன்பது மாதத் தூக்கத்துக்கு வருவோம். ஏப்ரலில் எங்கும் சேறு. ஜூனில் கடிக்கிற கறுப்பு ஈ. கோடையில் மீன்பிடிக்க வருகிற சில குடும்பங்கள், இலையுதிர் காலத்தில் சில வேட்டைக்காரர்கள். ஆனால் கடன் தவணை பன்னிரண்டு மாதமும் உண்டு. காப்பீடு உண்டு, வரி உண்டு. யாரும் வராவிட்டாலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். விருந்தினர் ஒருவர்கூட இல்லாத இரவில் சூடேற்றுகிற மின்சாரக் கட்டணத்தை யார் தருவார்கள்? பனி பெய்த வாரத்தில் வந்து "அறை வாடகை அதிகம்" என்று முணுமுணுக்கிறவர்தான் தருகிறார். தந்துதான் ஆக வேண்டும்.

வேலைக்காரர்களும் இதே கதைதான். அங்கே வேலையில்லாதவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் வட்டாரத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். பனி இல்லையென்றால் மணி சேராது. உதவித்தொகை தீர்ந்து அடுத்த பருவம் தொடங்காத இடைவெளிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'த்ரூ நுவார்', கருங்குழி. சமையல்காரப் பெண் அந்தக் குழியில் விழுந்தால், அடுத்த டிசம்பரில் அவள் நகரத்தில் வேறு வேலையில் இருப்பாள்.

இனி முன்பணம். இதில் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023-24 குளிர்காலத்தில் நான் அங்கே இருந்தேன். கனடாவில் 1948 முதல் உள்ள பதிவுகளில் அதுதான் மிக வெப்பமான குளிர்காலம். ஜன்னலுக்கு வெளியே மழை. தொலைபேசி ஓயாமல் அடித்தது. எல்லோரும் கேட்டது ஒன்றே: "தடம் மூடியிருக்கிறது, வரவில்லை, பணத்தை அனுப்புங்கள்." மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "முசே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான். "வழங்காத சேவைக்குப் பணம் வைத்துக்கொள்வது முறையில்லை" என்று பெரிய மனிதனாகச் சொன்னேன். அவர் அத்தனை பேருக்கும் திருப்பி அனுப்பினார். மார்ச் மாதம் கடன் தவணை கட்டக் கையில் பணமில்லை. சம்பந்தியம்மா, தன் கணவர் வைத்துவிட்டுப் போன மேப்பிள் தோப்பை விற்றார். வசந்தத்தில் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுத்துப் பாகு காய்ச்சும் தோப்பு அது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு சூப் தொண்டையில் இறங்கவில்லை.

நான் சொன்னது ஏன் தவறு? வழங்காத சேவை என்றேனே, வழங்கப்பட்டிருந்தது. அறை சூடாக இருந்தது. படுக்கை விரித்திருந்தது. அடுப்பில் பட்டாணி சூப் கொதித்தது. ஈரக் காலணியும் கையுறையும் காயவைக்கும் அறை தயாராக இருந்தது. அந்த அறையை வேறொருவருக்குத் தராமல் பிடித்துவைத்திருந்தார்கள். வராமல் போனது பனி. பனியை விற்பதாக மாப்பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. வானம் பொய்த்த நஷ்டத்தை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம். முழுவதையும் விடுதிக்காரன் தலையில் கட்டுவது நியாயமில்லை. இப்போது அவர்கள் வைத்திருக்கும் விதி இதுதான்: முன்பணம் திரும்பாது, ஆனால் இந்த வருடமோ அடுத்த வருடமோ, கோடையோ குளிரோ, எப்போது வந்தாலும் கழித்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் கொள்ளையா?

ஒரு எதிர்வாதத்துக்கு நான் மரியாதை தருகிறேன். பெட்ரோல் எரித்துக் காட்டில் இரைச்சலிடுகிறவர்களுக்கு, பனி குறைகிறதே என்று அழ என்ன உரிமை என்று கேட்கலாம். இரைச்சல் உண்மை, 2004இல் அதற்காகத் தடத்தோரம் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்ததும் உண்டு. புகையும் உண்மை. மாப்பிள்ளையே இதை மறுப்பதில்லை. ஆனால் அந்தப் பாவக்கணக்கை உலகம் முழுக்கப் பிரித்தால், விமானத்தில் இருபது மணி நேரம் பறந்து போன என் பங்கு அந்தச் சமையல்காரப் பெண்ணின் பங்கைவிடப் பெரியது. தண்டனை மட்டும் ஏன் அவளுக்கு முதலில்?

நண்பரே, நம் ஊரிலேயே பாரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீனவர் கடலுக்குப் போக முடியாது. அதற்கு நிவாரணம் கொடுக்கிறோம். யாரும் அவர்களைத் தூங்குகிறவர்கள் என்று சொல்வதில்லை. கடல் மூடிய காலத்திலும் வயிறு திறந்தே இருக்கும் என்று நமக்குத் தெரியும். பனிக்கும் அதே சட்டம்தான்.

நீரும் நானும் வெயிலானாலும் மழையானாலும் சம்பளம் வாங்கினோம். இப்போது பென்ஷன் வாங்குகிறோம். ஒரு மழை நம் ஒரு ரூபாயைக்கூடக் கரைத்ததில்லை. வானத்தைப் பார்த்துப் பிழைக்கிறவனைக் கொள்ளைக்காரன் என்று சொல்ல, நம் இரண்டு பேருக்கும் தகுதி இல்லை.

நாளைக் காலை வழக்கமான இடத்துக்கு வருகிறேன். காப்பி என் கணக்கு. நீர் வராவிட்டாலும் காசு திரும்பாது!