கோர்ஸை முடிக்காதவன்தான் குற்றவாளியா?

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டீமில் ஒரு நண்பர் ஆரம்பித்தார். ஆப்பிரிக்காவில் மலேரியா மருந்து சரியாக வேலை செய்யலைன்னு எங்கேயோ படித்திருக்கிறார். கையோடு தீர்ப்பும் ரெடி. "மச்சி, அந்த ஊர்ல எவனும் கோர்ஸை முடிக்க மாட்டான். ரெண்டு மாத்திரையில காய்ச்சல் விட்டா மிச்சத்தை எடுத்து வெச்சுக்குவான். கிருமி புத்திசாலி, கத்துக்கிட்டு தப்பிச்சுடுது." சுற்றி இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டிவிட்டு சீட்டுக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் எரிச்சல் வந்தது. (நமக்கு பதில் எப்பவும் லேட்டாத்தான் தோணும்.)

முதலில் ஒரு வாக்குமூலம். காலேஜ் மூணாவது வருஷம், சென்னை ஹாஸ்டலில் எனக்கு வைவாக்ஸ் மலேரியா வந்தது. குளோரோகுயின் மூணு நாள், கூடவே பிரைமாகுயின் பதினாலு நாள். அஞ்சாவது நாள் காய்ச்சல் சுத்தமாக இல்லை, வயிறு புரட்டல் மட்டும் இருந்தது, எதிரே செமஸ்டர். நிறுத்திட்டேன். ரெண்டு மாசத்தில் மறுபடி போர்வைக்குள் நடுங்கினேன். கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்த ஒட்டுண்ணி எழுந்து வந்துவிட்டது. அது ரெசிஸ்டன்ஸ் எல்லாம் இல்லைங்க, சுத்தமான என் சோம்பேறித்தனம். நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி, போனில் டாக்டர், கையில் எஞ்சினியரிங் புக்கு, இத்தனையும் இருந்த நானே முடிக்கலை. ஊர் பேர் தெரியாதவனைப் பற்றி எந்த முகத்தோடு தலையாட்டினேன்?

சரி, மேட்டருக்கு வருவோம். "கிருமி கத்துக்குது" என்பதே தப்பு. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் முழு மரபணுத் தொகுதி 2002ல் வெளியானது. 14 குரோமோசோம், சுமார் 5,300 மரபணுக்கள். அதில் 'வார்' என்று ஒரு குடும்பம், கிட்டத்தட்ட 60 மரபணுக்கள். ஒரு நேரத்தில் ஒண்ணுதான் ஆன், மற்றதெல்லாம் இறுக்கிச் சுருட்டி ஆஃப். டிஎன்ஏவில் ஒரு எழுத்துகூட மாறாமல், எது ஆன் என்பது மட்டும் சில ஒட்டுண்ணிகளில் மாறிக்கொண்டே இருக்கும். நம்ம பாஷையில் சொன்னால் கோடு அதே, கான்ஃபிக் ஃபைல் வேற. கடுமையாகப் படுத்த ஒரே ஒரு நோயாளியின் ரத்தத்தில் ஆயிரம் கோடி ஒட்டுண்ணிகள்கூட இருக்கலாம். அத்தனையும் ஒரே மாதிரி எப்படி இருக்கும்? ஏதோ ஒண்ணு எப்பவும் கொஞ்சம் வித்தியாசமாகவே இருக்கும். மருந்து அதுக்குப் பாடம் எடுப்பதில்லை. சலிக்கிறது, அவ்வளவுதான். சல்லடையில் எது நிற்குமோ அது பெருகுது.

இந்த வித்தியாசங்கள் எவ்வளவு சின்னது தெரியுமா? தாய்லாந்தில் மெஃப்ளோகுயின் சொதப்பியதற்கு முக்கியக் காரணம், ஒரு பம்ப் மரபணுவுக்குக் கூடுதல் காப்பிகள். புது மரபணு எதுவும் இல்லை, இருந்ததே அதிகமாகத் தயாரானது. ஆர்டிமிசினின் கதை இன்னும் அழகு. (அழகுன்னு சொல்லக் கூடாது, பொழைச்சுப் போறேன்.) அந்த மருந்து தானாகக் கொல்லாது. ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்று செரிக்கும்போது வெளிவரும் ஹீம்தான் மருந்தைக் கிளப்பி விடுகிறது. கே13 என்ற மரபணுவில், 580வது இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் அந்தப் புரதத்தின் அளவு குறைகிறது. இளம் ஒட்டுண்ணி சாப்பாட்டைக் குறைக்கிறது. ஹீம் குறைகிறது. மருந்து கிளம்புவதில்லை. உடம்பில் மருந்து தங்குவதோ சில மணி நேரம். அதுவரை பட்டினி கிடந்தால் போதும், பொழைச்சுக்கும். இதில் புத்திசாலித்தனம் எங்கே இருக்கு?

அப்போ சல்லடையைப் பிடித்தது யார்? இங்கேதான் எனக்குக் கோபம் வருது.

கம்போடியாவின் மேற்கு எல்லையில் பைலின் என்று ஒரு ஊர். ரத்தினக்கல் தோண்டும் இடம், வெளியூர்க் கூலிகள் வந்து குவிந்த இடம். 1950களின் கடைசியிலேயே தாய்லாந்து-கம்போடியா எல்லையில் குளோரோகுயின் தடுமாற ஆரம்பித்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் பைலினில் என்ன செய்தார்கள் தெரியுமா? சமையல் உப்பில் மலேரியா மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இருப்பவன், இல்லாதவன், ஒரு சிட்டிகை போடுபவன், கை நிறைய அள்ளிப் போடுபவன், எல்லாருக்கும் அதே உப்பு. ஊருக்கே தினமும் அரைகுறை டோஸ்! கோர்ஸை முடிக்காதவன் யாருங்க இங்கே?

அதே பகுதியில்தான் பிறகு ஆர்டிமிசினின் வகை மருந்துகளைத் தனியாக, கூட்டு மருந்து இல்லாமல், பல வருஷம் கடைகளில் விற்றார்கள். தனியாக விற்பதை நிறுத்துங்கள் என்று கம்பெனிகளிடம் உலக சுகாதார நிறுவனம் கேட்டது 2006 ஜனவரியில். 2008, 2009ல் மேற்குக் கம்போடியாவிலிருந்து கெட்ட செய்தி வந்துவிட்டது. கே13தான் காரணம் என்று 2014ல் கண்டுபிடித்தார்கள். நடுவில் போலி மாத்திரைகள் வேற. தென்கிழக்கு ஆசியக் கடைகளில் 'ஆர்டிசுனேட்' என்று வாங்கிய 104 மாதிரிகளில் 38 சதவீதத்தில் ஆர்டிசுனேட்டே இல்லை என்று 2001ல் ஒரு ஆய்வு சொன்னது. காசு கொடுத்து வாங்கி, வேளை தவறாமல் முழுங்கி, கோர்ஸையும் முடித்தவனுக்குக் கிடைத்தது மாவு. இவனிடம் போய் ஒழுக்கம் பேசுவீர்களா?

நண்பருக்காகவே வைத்திருக்கும் கேஸ் ஒண்ணு இருக்கு. மலாவி. 1993ல் அந்த அரசு குளோரோகுயினைக் கைவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. 1992ல் 85 சதவீத ஒட்டுண்ணிகளில் குளோரோகுயின் எதிர்ப்பு மரபணு மாற்றம் இருந்தது. 2000ல் அது 13 சதவீதம். அப்புறம் மருந்தைச் சோதித்துப் பார்த்தபோது நோயாளிகளில் 99 சதவீதம் பேர் குணமானதாக 2006ல் ஆய்வு வெளியானது. எட்டு வருஷத்தில் மலாவி மக்கள் திடீரென்று ஒழுக்கசீலர்கள் ஆகிவிட்டார்களா? மக்கள் அதே மக்கள்தான். மாறியது அரசு எடுத்த ஒரு முடிவு. சல்லடையை எடுத்ததும் பழைய ஒட்டுண்ணியே திரும்ப மேலே வந்துவிட்டது. (எல்லா ஊரிலும், எல்லா மருந்துக்கும் இப்படி நடக்கும்னு நினைச்சுடாதீங்க. கே13 மாற்றம் கம்போடியாவில் அவ்வளவு சுலபமாகக் கிளம்பவில்லை.)

மறுநாள் நண்பரிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கோர்ஸை முடிக்க வேணாம்ங்கிறியா?" என்றார். யப்பா சாமி! முடிக்கணும். நான் முடிக்காமல் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் கேட்பது வேற. ருவாண்டாவில் கே13 மாற்றம் பரவியிருப்பது 2020ல் தெரிய வந்தது. அது கம்போடியாவிலிருந்து விமானம் ஏறி வந்ததில்லை, அங்கேயே முளைத்தது. அடுத்த வருஷம் உகாண்டாவிலிருந்தும் அதே மாதிரி தகவல். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி பல வருஷமாக நம்பியிருப்பது ஆர்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் என்ற ஒரே கூட்டு மருந்தை. நம்ம சர்வர் ரூமில் இப்படி ஒரே ஒரு லைனை நம்பியிருந்தால் ஆடிட்டில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மலேரியாவால் வருஷத்துக்கு ஆறு லட்சம் பேர் அளவுக்குச் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் அஞ்சு வயசுக்குள் இருக்கும் குழந்தைகள். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதா, மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதா, அதுக்குக் காசு யார் தருவது, போலி மாத்திரை விற்பவனை யார் பிடிப்பது? இந்தக் கேள்வி எதுக்கும் அந்தக் குழந்தையோட அம்மா பதில் சொல்ல முடியாது. மூணு நாளும் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

நண்பர் டீயை முடித்துவிட்டு, "ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கு மச்சி" என்று எழுந்து போனார். இந்த தடவை நான் தலையாட்டலை.